கொட்டாய் வீடாகிறது!

காங்கிரீட் கூரை வந்தால் போதுமா? குடிதண்ணீர் எங்கே?

தர்மபுரி ஜில்லாவில் பஸ்ஸில் போகிறவர்கள் ஊர்ப் பெயர்களைக் கவனித்திருக்கலாம். நாயக்கன்கொட்டாய், சோலைக்கொட்டாய் என்று வரும்.

கொட்டாய் என்றால் கொட்டகை. காட்டிலே, அதாவது விளைநிலத்திலே, காவலுக்காகப் போட்ட குடிசை.

நிலக்கடலை முற்றும்போது காட்டுப்பன்றி வரும். கேழ்வரகு கதிர் விட்டால் குருவிக் கூட்டம் வரும். காவலுக்குக் குடும்பத்தில் இரண்டு பேர் கொட்டாயில் தங்குவார்கள். அறுவடை முடிந்ததும் ஊர் வீட்டுக்குத் திரும்பி விடுவார்கள். மண்சுவரும் ஓலைக்கூரையும் அதற்குப் போதுமாக இருந்தன.

பிறகு கிணற்றில் மோட்டார் பம்பு வந்தது. வருஷம் முழுவதும் காட்டில் வேலை இருந்தது. கறவை மாட்டை விட்டு நகர முடியவில்லை. ஊர் வீடோ அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரிந்து சிறுத்தது. மனைவி மக்களோடு பலர் கொட்டாய்க்கே குடிவந்து விட்டார்கள்.

நாலு மாதக் குடிசை பன்னிரண்டு மாத வீடாகி விட்டது!

சர்க்கார் பணம்

குடிசைகளைக் காங்கிரீட் வீடாக்கச் சர்க்கார் பல திட்டங்கள் போட்டது.

2010இல் வந்த கலைஞர் வீடு வழங்கும் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ரூ.75 ஆயிரம். 2011இல் வந்த பசுமை வீடு திட்டத்தில், சூரிய விளக்கு உட்பட, ரூ.1 லட்சத்து 80 ஆயிரம். 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ரூ.3½ லட்சம். 2030க்குள் 8 லட்சம் காங்கிரீட் வீடுகள் கட்ட வேண்டும் என்பது அதன் நோக்கம்.

கனவு இல்லத்தின் அளவு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் கூரை.

ஆனால், கொட்டாய்க்காரருக்கு முதல் தடை பட்டா. நிலம் தாத்தா பெயரில் இருக்கும். பங்காளிகள் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருக்கும். பட்டாவைச் சரி செய்யாமல் கல்லும் மணலும் இறக்கினால், வேலை பாதியில் நிற்கும். கடன்தான் மிஞ்சும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

பட்டா கிடைத்தது, வீடும் எழுந்தது என்றே வைத்துக் கொள்வோம். அந்தக் குடும்பம் எந்தத் தண்ணீரைக் குடிக்கப் போகிறது?

இங்கேதான் தர்மபுரிக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. இந்த ஜில்லாவின் பல இடங்களில் நிலத்தடித் தண்ணீரில் புளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வரும் உப்பு அது. நிறம் இல்லை, வாசனை இல்லை, ருசியிலும் தெரியாது.

குடிதண்ணீரில் லிட்டருக்கு 1½ மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருக்கக்கூடாது. அளவு மீறிய தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப் போகும். பல் உருவாகும் வயதிலுள்ள குழந்தைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை விழும். எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கறை போகாது.

காவலுக்கு வந்தவர் சில வாரம் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஊருக்குத் திரும்பினார். பெரிய கெடுதல் இல்லை. கொட்டாயிலேயே பிறந்து வளரும் குழந்தைக்கு அப்படியா? தினமும் அதே கிணறு, அதே தண்ணீர்.

காய்ச்சினால் சரியாகி விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு! காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணீர் சுண்டினால் அதன் அளவு கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

காவிரி வந்தது, கொட்டாய்க்கு வந்ததா?

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் நாட்டுக் கடன் உதவியோடு, சுமார் ரூ.1,928 கோடி செலவில், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு ஜில்லாக்களுக்கும் சேர்த்துப் போட்ட திட்டம். 2008இல் அடிக்கல் நாட்டினார்கள். 2013இல் தண்ணீர் திறந்தார்கள்.

நல்ல திட்டம்தான். ஆனால், குழாய் ஊர்த் தொட்டிக்கு எளிதில் வரும். காட்டுக்குள் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும் கொட்டாய்களுக்கு வருவது கடினம். நாலு வீட்டுக்காக ஒரு மைல் குழாய் போட வேண்டியிருக்கும்.

வீட்டுக்குப் பணம் கொடுப்பது ஒரு திட்டம். குழாய் போடுவது வேறொரு திட்டம். இரண்டும் ஒரே வாசலில் சந்தித்தால்தான் குடும்பத்துக்கு நிம்மதி. வீடு கட்ட உத்தரவு கொடுக்கும்போதே, "குடிதண்ணீர் எங்கிருந்து?" என்ற கேள்வியும் மனுவில் இருக்க வேண்டும். கிராம சபையில் ஜனங்கள் இதைக் கேட்கலாம்.

கூரையே கொடுக்கும் தண்ணீர்

குழாய் வரும் வரை என்ன செய்வது? விடை தலைக்கு மேலேயே இருக்கிறது.

ஓலைக்கூரையில் விழும் மழைத் தண்ணீர் குடிக்க உதவாது. காங்கிரீட் கூரையில் விழும் தண்ணீரைப் பிடித்து வைக்கலாம். பாறைக்குள் புகாத மழையில் புளோரைடு அநேகமாக இல்லை.

கணக்குப் பாருங்கள். 300 சதுர அடிக் கூரையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால், சிந்தியது போக, 2,000 லிட்டருக்குக் குறையாமல் பிடிக்கலாம். குடிக்கவும் சமைக்கவும் தினம் 20 லிட்டர் செலவானால், 100 நாளைக்கு வரும்!

முதல் மழையை வெளியே விட்டுவிட வேண்டும். கூரையைப் பெருக்கி வைக்க வேண்டும். தொட்டியை மூடி வைக்க வேண்டும். குடிக்குமுன் காய்ச்ச வேண்டும். குளிக்கவும் மாட்டுக்கும் கிணற்றுத் தண்ணீரை வைத்துக் கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் கட்டிடங்களுக்கு மழைநீர்ச் சேமிப்பைக் கட்டாயமாக்கியது 2003இல். பெரும்பாலும் தண்ணீரை நிலத்துக்குள் விடுவதோடு சரி. தர்மபுரியில் ஒரு பங்கைத் தொட்டிக்கும் திருப்ப வேண்டும். கூரை போடும்போதே ஒரு பக்கம் சரிவும், ஒரு குழாய்க்குத் துவாரமும் விடச் சொன்னால் கொத்தனார் செய்து விடுவார். பிறகு உடைத்து வைப்பதென்றால் செலவு.

வெயிலும் வரும்

ஓலைக்கூரை சித்திரையில் குளிர்ச்சி. காங்கிரீட் அனல் வீசும். மேல்தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் சூடு தணியும். எதிரெதிரே ஜன்னல் வைத்தால் காற்று ஓடும். அஸ்திவாரத்தைத் தரையை விட உயர்த்திக் கட்டினால் ஐப்பசி மழை உள்ளே வராது. கக்கூஸ் குழியைக் கிணற்றை விட்டு எட்டத் தள்ளி, பள்ளமான பக்கம் தோண்ட வேண்டும்.

இவ்வளவுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. கிணற்றுத் தண்ணீரை ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் சோதனைக்கூடத்தில் கொடுக்க வேண்டும். புளோரைடு எவ்வளவு என்று சொல்லி விடுவார்கள்.

கடைக்கால் எடுக்க நாள் பார்க்கிறார்கள். மனையடி சாஸ்திரம் பார்க்கிறார்கள். அந்த வீட்டில் வளரப் போகும் குழந்தைக்காகத் தண்ணீரையும் ஒரு தடவை பார்த்துவிடலாமே!