இருதய மாத்திரையும் ஒரு நாள் கூலியும்

தவளக்குப்பத்தில் நாற்று நடும் பெண்ணுக்கு நெஞ்சு படபடக்கிறது. நாடி தாறுமாறாக ஓடுகிறது. வெறும் பலவீனம் என்று தள்ளிவிடலாமா? கூடாது, தோழர்களே!

நெருக்கடியான குடிசைகளில் குழந்தைகளுக்குத் தொண்டைப்புண் பரவுகிறது. கவனியாது விட்டால், சிலருக்கு மூட்டுகளை வீங்கவைக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இருதய வால்வைக் கெடுக்கிறது. பின்னாளில் இருதயத்தின் மேலறைகள் ஒழுங்காகத் துடிக்காமல் நடுங்குகின்றன. அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால், பக்கவாதம்!

மருந்து இருக்கிறது. டிகாக்சின், மெட்டப்ரோலால் துடிப்பின் வேகத்தை அடக்கும். வார்ஃபரின் ரத்தம் உறைவதைத் தடுக்கும். 24 நாடுகளில் 4,500க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2022இல் வெளியான இன்விக்டஸ் ஆராய்ச்சியில், பிந்தி வந்த ரிவராக்ஸபானைவிடப் பழைய வார்ஃபரின் கொடுக்கப்பட்டவர்களிடையே சாவு குறைவாக இருந்தது.

ஆனால் மாத்திரை மட்டும் போதாது. அளவு குறைந்தால் ரத்தம் உறையும்; மிஞ்சினால் உள்ளே கசியும். ஆகவே மாதா மாதம் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை வேண்டும். பெரும்பாலோருக்கு அது 2க்கும் 3க்கும் இடையே நிற்க வேண்டும்.

தவளக்குப்பத்திலிருந்து பட்டணத்தைத் தாண்டிக் கோரிமேடு ஜிப்மருக்குப் போய்வந்தால் அன்றைய கூலி போச்சு! கூலியை இழக்க முடியாதவர் பரிசோதனையை இழக்கிறார்.

விரல்நுனி ரத்தத் துளியிலேயே அளக்கும் கருவி உண்டு. கொம்யூன்தோறும் ஆரம்ப சுகாதார நிலையத்தில், வேலை முடிந்த மாலையில், சோதனையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கட்டும். இது பிச்சையல்ல, உழைப்பாளியின் உரிமை.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சோதனை ஊருக்கு வரும்வரை கோரிக்கையையும் நிறுத்தாதீர்கள்!