விற்காத காரின் விலை

1881இல் மிலானில் பிறந்த எட்டோரே புகாட்டி, அப்போது ஜெர்மனியின் ஆட்சியில் இருந்த அல்சாஸ் பகுதியின் மோல்ஷெய்ம் ஊரில் 1909இல் தொடங்கிய நிறுவனம், முதல் உலகப் போருக்குப் பின் அப்பகுதி பிரான்சுடன் இணைந்ததால் பிரெஞ்சு நிறுவனமாகி, இலகுவான பந்தயக் கார்களால் பெயர் பெற்றது. அரச குடும்பங்களை மனத்தில் கொண்டு அது உருவாக்கிய ‘ராயல்’ என்னும் காரோ இலகுவுக்கு நேர் எதிரானது: எட்டு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும் அதன் எஞ்சினின் கொள்ளளவு, அதாவது சிலிண்டர்களுக்குள் பிஸ்டன்கள் கடக்கும் மொத்தக் கன அளவு, ஏறத்தாழ 12.7 லிட்டர், இன்றைய சிறிய கார்களுக்கு ஒரு லிட்டரே போதும். இருபத்தைந்து கார்கள் செய்யத் திட்டமிட்டிருந்த நிலையில் பொருளாதாரப் பெருமந்தம் குறுக்கிட, வெளியாருக்கு விற்றவை மூன்றே. வாங்கியவர்களில் அரசர் ஒருவரும் இல்லை. அன்று விலைபோகாமல் புகாட்டி குடும்பத்திடமே தங்கி, 1950இல் அமெரிக்கப் பந்தய வீரர் பிரிக்ஸ் கன்னிங்ஹாமின் கைக்குப் போன ஒரு ராயல், 1987இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் கிறிஸ்டீஸ் நடத்திய ஏலத்தில் 55 லட்சம் பவுண்டுக்கு விற்றது. இத்தகைய தொகைகளைக் கைவினைத் திறனுக்குக் கிடைத்த மரியாதை என்று ஏல உலகம் சொல்லிக்கொண்டாலும், அவற்றில் பெரும்பகுதி அரிதாகிப்போனதன் விலை, அந்த அரிதும் வணிகத் தோல்வியின் விளைவே. நிறுவனத்தைக் காப்பாற்றியது வேறொன்று: ராயலின் எஞ்சின்களைப் பொருத்திய ரயில் கார்கள், அதாவது தனி எஞ்சின் வண்டி இழுக்காமல் தாமே ஓடும் பயணிகள் பெட்டிகள், 1933 முதல் பிரெஞ்சு ரயில் பாதைகளில் விரைந்து ஓடின. சாதாரணப் பயணிகளைச் சுமந்த அந்த வண்டிகளைத் தேடி எந்தச் செல்வந்தரும் ஏலக்கூடத்துக்கு வருவதில்லை.