நாற்பது போர் என்னும் நப்பாசை

2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி கரை மீறி ஆழ்வார்திருநகரிக்குள் புகுந்தபோது என் அம்பாசிடரும் பானட் வரை முங்கி நின்றது. வடிந்தபின் ஹெட்டைக் கழற்றினால் நான்கு சிலிண்டரிலும் துரு அரித்த குழிகள். போர் போடாமல், அதாவது சிலிண்டரின் உட்சுவரைக் கடையாமல், தீராது. பட்டறைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: “எப்படியும் கடையப் போறீய அண்ணாச்சி, ஒரேயடியா நாப்பது போட்ருங்க. சிசி கூடும், வண்டி பறக்கும்லா!”

பழைய கார் வைத்திருப்பவர்களிடையே இந்த நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது. இது தவறு. வண்டிக்கும் கேடு.

சிசி கூடும் என்பது உண்மைதான். எவ்வளவு என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. அம்பாசிடரின் பழைய பெட்ரோல் என்ஜினில் சிலிண்டரின் குறுக்களவு சுமார் 73 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 88.9 மி.மீ., மொத்தம் 1489 சிசி. ஓவர்சைஸ் பிஸ்டன் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று வரும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அந்தக் கணக்கின் அலகு. கடைசிச் சைஸான நாற்பதையே போட்டாலும் 1531 சிசிதான் ஆகிறது. கூடியது 42 சிசி, நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. பின்சீட்டில் ஒரு பள்ளிப்பிள்ளை ஏறி உட்கார்ந்தால் அந்த லாபம் தீர்ந்தது. அதுவும் மெதுவாக ஓடும்போது கிடைக்கிற இழுவைக்கான கணக்கு. வேகம் கூடக்கூட, அதே வால்வு, அதே கார்புரேட்டர் வழியாகத்தான் காற்று வரவேண்டும் என்பதால் அந்த மூன்றும் நிற்காது.

“எம்.ஜி.பி. காரில் இதே என்ஜின்தானே 1798 சிசி ஓடியது?” என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. இரண்டுமே பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரிஸ் என்ஜின் குடும்பம். பிஸ்டன் ஓடும் தூரம்கூட அதே 88.9 மி.மீ. ஆனால் 80.26 மி.மீ. குறுக்களவுக்கு அவர்கள் பழைய பிளாக்கைக் கடைந்து போகவில்லை. பிளாக்கையே வேறாக வார்த்தார்கள். அதில் ஜோடி சிலிண்டர்களுக்கு நடுவே தண்ணீர் ஓட வழியில்லை. இரண்டு சுவரும் ஒட்டியிருக்கும். 1964-இல் கிராங்கைத் தாங்கும் பேரிங்கையும் மூன்றிலிருந்து ஐந்தாக்கினார்கள். நம் பிளாக்கில் அத்தனை இரும்பைக் கடைந்து எடுத்தால் நம்பி ஓட்டும்படி சுவரில் கனம் மிஞ்சாது. இந்துஸ்தான் மோட்டார்ஸே கூடுதல் பலம் வேண்டும் என்றபோது 1990-களில் இசுசுவின் 1.8 லிட்டர் என்ஜினையும் ஐந்து கியர் பெட்டியையும் கொண்டுவந்தது. பழைய என்ஜினைக் கடைந்து பெரிதாக்கவில்லை.

“சுவர் போனால் ஸ்லீவ் போட்டுக்கலாம்” என்பது அடுத்த சமாதானம். ஸ்லீவ் என்னும் அந்த உள்குழாய் உட்காரவே இன்னும் கடைய வேண்டும். அதைப் பிடித்து நிறுத்துவதும் மிஞ்சியிருக்கும் அந்தச் சுவர்தான். அது கடைசி வைத்தியம். அதை நம்பி இன்றைக்கே இரும்பை இழப்பது சரியல்ல.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. பதிவுச் சான்றிதழில் சிசி எழுதியிருக்கிறது. அதற்கு மாறாக வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவும் அசல் வடிவத்தில் பேணிய வண்டிக்குத்தான்.

எங்கள் ஊர் ஓட்டத்தையும் பார்க்க வேண்டும். நவதிருப்பதிக் கோயில்கள் ஒன்பதும் பக்கத்துப் பக்கத்தில், தாமிரபரணிக் கரைச் சமவெளியில் இருக்கின்றன. ஏற வேண்டிய மலை ஒன்றும் இல்லை. வைகாசியில் ஒன்பது கருட சேவைக்குக் கூட்டம் திரளும்போது இரண்டாம் கியரில் ஊர்வதுதான் கதி. என்ஜின் சுற்றினால்தான் ஃபேனும் சுற்றும் வண்டி இது. அந்த வெயிலில் வேண்டியது அடைப்பில்லாத ரேடியேட்டரும் சரியான டைமிங்கும். இழுவை செத்துப்போனது என்று சொல்கிற பாதி வண்டிகளில் வால்வு சீட் ஒழுகும், இல்லையென்றால் பாயின்ட் தேய்ந்திருக்கும். அதைப் பார்க்காமல் சிலிண்டரைக் கடைவது எனக்குத் தாங்காது. பி-சீரிஸ் பிளாக் இனி யாரும் வார்க்கப்போவதில்லை.

பட்டறையில் பத்தில் குழி போகவில்லை. இருபதில் நான்கு சுவரும் கண்ணாடியாக வந்தது. அத்தோடு நிறுத்தச் சொன்னேன். வால்வுகளைத் தேய்த்து உட்காரவைத்து, ரேடியேட்டரைச் சுத்தம் செய்து பூட்டினோம். முப்பதும் நாற்பதும் அந்தப் பிளாக்கில் இன்னும் மிச்சம் இருக்கின்றன.