வகுப்பறைக்கு இரண்டாவது ஆசிரியர்: மாத்தளை மாவட்ட விசேட தேவையுடைய மாணவர் சார்பான கோரிக்கை மனு

மத்திய மாகாணக் கல்விச் செயலாளர்,
மாகாணக் கல்விப் பணிப்பாளர்,
மாத்தளை, கலேவெல, நாவுல, வில்கமுவ வலயக் கல்விப் பணிப்பாளர்கள் ஆகியோருக்கு.



மாத்தளை மாவட்டத் தமிழ் மொழிமூலப் பாடசாலைகளின் பெற்றோரும் ஆசிரியரும் இணைந்த எமது சங்கம் இம்மனுவில் ஒன்றையே கேட்கிறது. விசேட தேவையுடைய பிள்ளை படிக்கும் வகுப்பறைக்கு, வாரத்தில் சில பாடவேளைகளுக்காவது, இரண்டாவது ஆசிரியர் ஒருவர் வரவேண்டும். பிள்ளையைப் பாடசாலையில் சேர்ப்பதற்குச் சட்டம் ஏற்கனவே துணை நிற்கிறது. இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. கட்டாயக் கல்வி வயது 2016இல் 16 வரை உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு பெப்ரவரியில், இயலாமையுடையோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. பொதுக் கல்வி முறைக்குள்ளேயே தேவையான ஆதரவு கிடைக்க வேண்டும் என்று அதன் 24ஆம் உறுப்புரை கூறுகிறது. ஆனால் இடாப்பில் பெயர் ஏறிய பிள்ளைக்குப் பாடமும் போய்ச் சேர்கிறதா என்பதை எந்த இடாப்பும் காட்டுவதில்லை. ஒரே ஆசிரியர் முழு வகுப்பையும் பாடத்திட்டத்தோடு இழுத்துச் செல்லும்போது, மெதுவாக வாசிக்கும் பிள்ளையும் காது மந்தமான பிள்ளையும் ஓரிடத்தில் உறுதியாக அமர நேரமெடுக்கும் பிள்ளையும் வகுப்பில் இருந்தபடியே கல்விக்கு வெளியே நிற்கிறார்கள். சில காலத்தில் வரவு குறையும், பிறகு நின்றுவிடும். அதை இடைவிலகல் என்று பதிந்துவிடுகிறோம்.

விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கென்று தனி அறையில் இயங்கும் விசேட கல்வி அலகுகளைக் கூட்டினால் போதாதா என்ற கேள்வி நியாயமானது. இந்த மாவட்டத்தின் நில அமைப்பையும் மொழி நிலையையும் வைத்தே அதற்குப் பதில் சொல்ல வேண்டும். எமது பிள்ளைகளில் பெரும் பகுதியினர் இரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவ போன்ற மலைச்சரிவுத் தோட்டங்களில் வாழ்கிறார்கள். பாடசாலைகள் சிறியவை, சிதறிக் கிடப்பவை. ஒரு பாடசாலையில் விசேட தேவையுடைய பிள்ளைகள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள், அவர்களின் தேவைகளும் ஒன்றல்ல. அந்த எண்ணிக்கைக்கு அலகு திறக்க எந்த வலயத்தாலும் முடியாது. நகரத்தில் திறந்தால், காலையில் கொழுந்து பறிக்கப் போகும் தாய் தினமும் பிள்ளையை அங்கே கொண்டுபோய்விட இயலாது. தமிழில் கற்பிக்கும் விசேட பாடசாலையாக நன்கறியப்பட்ட நவீல்ட் பாடசாலையோ வடக்கே கைதடியில் இருக்கிறது. ஆகவே பிள்ளையை ஆசிரியரிடம் அனுப்பும் வழி இங்கே அடைபட்டிருக்கிறது. ஆசிரியரைப் பிள்ளையிடம் அனுப்பும் வழிதான் மீதி.

இந்த வழியில் நாம் கேட்பது இணைக் கற்பித்தலை: அதாவது, வகுப்பாசிரியரும் விசேட கல்விப் பயிற்சி பெற்ற ஆசிரியரும் ஒரே பாடத்தைச் சேர்ந்து திட்டமிட்டு, ஒரே அறையில் சேர்ந்து கற்பிப்பதை. ஒருவர் விளக்கும்போது மற்றவர் யார் எங்கே தடுமாறுகிறார் என்று கவனிக்கலாம், வகுப்பை இரு குழுவாகப் பிரித்தும் கற்பிக்கலாம். பிள்ளையின் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக் கொப்பியில் எழுதிக்கொடுக்கச் செய்வது இணைக் கற்பித்தல் ஆகாது. இத்தாலி 1977இல் 517ஆம் இலக்கச் சட்டத்தின் வழியே இயலாமையுடைய பிள்ளைகளைப் பொது வகுப்புகளுக்குக் கொண்டுவந்து, அங்கே ஆதரவு ஆசிரியர்களை நியமித்தது. பயன் பற்றிய சான்றும் உண்டு. 2021இல் வெளியான, 26 ஆய்வுகளைத் தொகுத்த பகுப்பாய்வு, தனி வகுப்பில் கற்றோரைவிட இணைக் கற்பித்தல் வகுப்பில் கற்ற இயலாமையுடைய மாணவர் பாட அடைவில் முன்னே இருந்ததைக் காட்டியது. அவை பெரும்பாலும் வசதியான நாடுகளின் ஆய்வுகள். அந்த அளவு பயன் இங்கே உடனே வரும் என்று நாம் வாக்களிக்கவில்லை. தனி அறையே இல்லாத இடத்தில், அதைவிடச் சிறந்ததெனத் தெரிந்த வழியை முயலாதிருக்கக் காரணமில்லை என்கிறோம்.

மற்றப் பிள்ளைகளின் படிப்புக் கெடும் என்ற அச்சம் பெற்றோரிடையே, எமது உறுப்பினரிடையேயும், இருக்கிறது. புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் தரம் 5இல் அது இன்னும் கூடும். 47 ஆய்வுகளைச் சேர்த்து 2017இல் வெளியான பகுப்பாய்வில், விசேட தேவையுடையோரும் சேர்ந்து படிக்கும் உட்படுத்தல் வகுப்புகளில் படித்த ஏனைய மாணவரின் அடைவு குறையவில்லை, சிறிதளவு கூடியே இருந்தது. இரண்டாவது ஆசிரியர் வந்தால், பெயரிடப்பட்ட இயலாமை எதுவுமில்லாமலே பின்தங்கும் பிள்ளைக்கும் ஒரு கண் கூடுதலாகக் கிடைக்கிறது. அதேவேளை, சைகை மொழியே முதல் மொழியாக வேண்டிய பிள்ளைகளுக்கும் கடும் பராமரிப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் இது ஒன்றே போதும் என்று நாம் சொல்லவில்லை. இயங்கும் அலகுகள் எதையும் மூடக் கூடாது.

ஆசிரியருக்கே பற்றாக்குறை, இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது என்பதுதான் மிகக் கனமான ஆட்சேபம். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒருவர் என்று நாம் கேட்கவில்லை. அருகருகேயுள்ள பாடசாலைகளை ஒரு கொத்தணியாக்கி, பயிற்சி பெற்ற ஒருவரைத் தமிழ் மொழிமூலத்தில் நியமித்து, குறித்த நாட்களில் குறித்த வகுப்புகளில் கற்பிக்கச் செய்யலாம். தகுதியானவர் குறைவெனில், இப்போது சேவையிலுள்ள தோட்டப்புற ஆசிரியர்களைச் சம்பளத்துடன் விடுவித்து, தேசிய கல்வி நிறுவகத்தினூடாகத் தமிழில் பயிற்றுவிக்க வேண்டும். ஒரு பிழை மட்டும் திரும்ப நேரக் கூடாது. 2014இல் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென விண்ணப்பம் கோரி நியமிக்கப்பட்ட ஆசிரிய உதவியாளர்கள், மாதம் 6,000 ரூபா, பின்னர் 10,000 ரூபா கொடுப்பனவுக்கு, உதவியாளர் என்ற பெயரில் முழு ஆசிரியரின் வேலையைச் செய்தார்கள். இரண்டாவது ஆசிரியரும் முழுத் தகுதியும் முழுச் சம்பளமும் உள்ள ஆசிரியராகவே வரவேண்டும். அவரை வெற்றிடம் நிரப்ப இழுக்கக் கூடாது என்பது சுற்றறிக்கையிலேயே இருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து பாடம் திட்டமிட வாரத்தில் ஒரு பாடவேளையை நேரசூசியில் ஒதுக்க வேண்டும். அந்த ஒரு பாடவேளை இல்லாவிட்டால் ஓர் அறையில் இருவர் இருப்பார்கள், கற்பிப்பவர் ஒருவராகவே இருப்பார்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் 5 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 8.7 சதவீதமானோருக்கு ஏதோவொரு இயலாமை இருந்தது. அதில் முதியோரே அதிகம் என்பதால், பாடசாலைத் திட்டத்துக்கு அந்த எண் போதாது. சமூக சேவை உத்தியோகத்தர், குடும்பநல உத்தியோகத்தர், தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆகியோரை இணைத்து, பாடசாலைக்கே வராத பிள்ளைகளையும் சேர்த்து, கோட்டம் தோறும் ஒரு பதிவேடு தயாரிக்குமாறு கேட்கிறோம். பரீட்சைத் திணைக்களம் விசேட தேவையுடையோருக்கு வழங்கும் மேலதிக நேரம் முதலிய சலுகைகளுக்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்கும் பொறுப்பையும் இரண்டாவது ஆசிரியரிடமே ஒப்படைக்கலாம்.

வருடாந்த இடமாற்றப் பட்டியல் இறுதியாகுமுன், மாத்தளை வலயத்தில் ஒரு கொத்தணியிலாவது இதனைத் தொடங்கத் தீர்மானித்து, பெற்றோரையும் அழைத்துக் கலந்துரையாடல் ஒன்றுக்குத் திகதி குறித்து, எழுத்தில் தமிழில் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
மாத்தளை.