ஆடுபவருக்குக் காத்திருக்கும் இசை

திரைப்படத்துக்கும் கணினி விளையாட்டுக்கும் பின்னணி இசை அமைப்பது வெளியிலிருந்து பார்த்தால் ஒரே தொழில். உள்ளே போனால் இரண்டும் வேறு. படத்தில் எடிட்டிங் முடிந்ததும் காட்சியின் நீளம் நிலைத்துவிடும். கதவு திறக்கும் நொடி எல்லாத் தியேட்டரிலும் ஒன்றே. விளையாட்டில் அந்தக் கதவை ஒருவர் பத்து நொடியில் திறப்பார், இன்னொருவர் அரைமணி நேரம் அதன் முன்னாலேயே சுற்றுவார். இருவருக்கும் இசை சலிக்கக் கூடாது. கதவு திறக்கும் கணத்தைத் தவறவிடவும் கூடாது.

ஆகவே விளையாட்டுக்கான இசை தாளம், தந்தி வாத்தியம், மெட்டு என அடுக்கடுக்காகப் பதிவாகிறது. எதிரி நெருங்கினால் தாளம் சேர வேண்டும், விலகினால் அடங்க வேண்டும் என்ற விதிகளை எஃப்மாட், வைஸ் போன்ற மென்பொருள்களில் அமைக்கிறார்கள். முடிவு தொடக்கத்தோடு தடம் தெரியாமல் சேரும் லூப் எழுதுவது இதில் பால பாடம். 1985இல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டுக்கு கோஜி கொண்டோ இசையமைத்தபோது விளையாட்டுக் கருவியில் இருந்தவை ஐந்தே ஒலித்தடங்கள். நேரம் தீரப்போகும்போது அதே மெட்டு வேகமெடுக்கும். சிறுவர்களின் கையும் கூடவே பதறும்.

திரை இசையின் பள்ளிக்கூடம் சென்னையிலேயே இருக்கிறது. நகரின் மேற்கு ஓரத்தில் உள்ள நசரத்பேட்டையில் வளரும் ஒருவருக்குப் படப்பிடிப்பு பக்கத்து வீட்டுச் செய்தி. செம்பரம்பாக்கம் பக்கம் ஈ.வி.பி. பிலிம் சிட்டி உண்டு. ஆனால் ரீ-ரெக்கார்டிங் எனப்படும் பின்னணி இசைப் பதிவுக்குப் பேர்போனது கிழக்கே, பூந்தமல்லி, போரூர் தாண்டி ஆற்காடு சாலையில் வரும் சாலிகிராமம், வடபழனி, கோடம்பாக்கம். அங்கே பெயர் பெற்றவர்கள் முதலில் பிறர் இசைக்குழுவில் உழைத்தவர்கள். இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் கற்று, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, 1976இல் 'அன்னக்கிளி'க்கு வந்தார். ஏ.ஆர். ரகுமான் பலருக்கு கீபோர்டு வாசித்தார், விளம்பரங்களுக்கு மெட்டமைத்தார். 1989இல் கோடம்பாக்கம் வீட்டில் பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தை உருவாக்கினார். 'ரோஜா' 1992இல்தான். முப்பது நொடி விளம்பரத்துக்குள் உணர்வைச் சொல்லிப் பழகியது வீண்போகவில்லை. அவர் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியும் தரமணி எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனமும் இன்று முறையான வாசல்கள். முன்னதில் இசை, பின்னதில் ஒலிப்பதிவு.

விளையாட்டுப் பக்கம் அப்படிப்பட்ட பரம்பரை இங்கே இன்னும் உருவாகவில்லை. புனேயில் தயாரான 'ராஜி' (2020) இந்தியப் புராணக் கதை; இசையமைத்த லினோஸ் செலோஸ் கிரேக்கர். நல்ல இசைதான். ஆனாலும் அந்த இருக்கையில் உட்காரத் தகுதியானவர்கள் சென்னைப் பக்கத்து ஊர்களிலேயே இருக்கிறார்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா', கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தைச் சமையல் வழியாகச் சொல்கிறது. அடுப்படி ரேடியோவில் வெவ்வேறு காலத் தமிழ்ச் சினிமாப் பாடல்களின் சாயலில் புதுப் பாடல்கள் ஒலிக்கும். பாட்டின் பாணியிலேயே ஆண்டுகள் நகர்வது தெரியும். 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. நம் காதில் ஏற்கெனவே இருக்கும் இசை உலகச் சந்தைக்கும் போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

விளையாட்டு இசையில் நுழைவதற்குப் பட்டத்தைவிட மாதிரித் தொகுப்பு பயன்படும். சில நாட்களில் ஒரு சிறு விளையாட்டையே செய்து முடிக்கும் கேம் ஜாம்களில் இசையமைப்பாளரைத் தேடும் புரோகிராமர்கள் எப்போதும் உண்டு. பூந்தமல்லி சாலையில் உள்ள பொறியியல் கல்லூரிகளின் மாணவர்களிலேயே அப்படி ஒரு கூட்டாளி கிடைக்கலாம்.

கையெழுத்துப் போடும் இடத்தில் கவனம் தேவை. 2012இன் பதிப்புரிமைச் சட்டத் திருத்தப்படி, படத்தில் சேரும் இசைக்குத் தியேட்டர் காட்சி தவிர்த்த பிற பயன்பாடுகளில் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை இசையமைப்பாளர் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்க முடியாது. விளையாட்டு நிறுவனங்களோ பெரும்பாலும் மொத்தத் தொகை கொடுத்து எல்லா உரிமையையும் வாங்கிவிடும். அங்கே பெயர் போடுவதையும் இசைத் தொகுப்பைத் தனியே வெளியிடும் உரிமையையும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.