தோல்விக்குப் பொறுப்பு யார்?

கால்பந்தாட்டத்தில் தம் அணி தோற்றதும் ரசிகர்கள் இரு கட்சியாகப் பிரிவர். பின்வரிசை பலவீனம் என்பர் ஒரு சாரார்; முன்வரிசைக்குக் கோல் போடத் தெரியவில்லை என்பர் மறு சாரார். நம் சங்க அன்பர்களும் இதற்கு விலக்கல்லர்.

1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4–2 என வென்று அரையிறுதியை எட்டியது. அங்கே யூகோஸ்லாவியாவுக்கு எதிராக முதல் கோலைப் போட்டது நாமே. எனினும் 1–4 எனத் தோற்றோம். அடுத்து பல்கேரியாவிடம் 0–3. முன்னதற்குப் பின்வரிசையைக் குறை கூறுவோர், பின்னதில் ஒரு கோலும் போடாத முன்வரிசையை என்னென்பர்?

முன்னிற்போர் பந்தைப் பறிகொடுத்த வண்ணமிருந்தால் பின்னிற்போர் ஓயாது ஓடிக் களைப்பர். பின்னிற்போர் பந்தை இலக்கின்றி உதைத்துத் தள்ளினால் முன்னிற்போருக்கு அது எட்டாது. ஒன்றன் குறை மற்றொன்றில் தெரியும்.

1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதலில் தென்கொரியாவிடம் 0–2 எனத் தோற்றோம். பின்னர் பின்வரிசைத் தூணான ஜர்னைல் சிங் தலையில் காயமுற்றார். பயிற்சியாளர் ரஹீம் அவரை முன்வரிசையில் ஆட வைத்தார். இறுதியாட்டத்தில் அதே தென்கொரியாவை 2–1 என வென்றோம். ஒரு கோல் ஜர்னைலுடையது. தடுப்பவரே அடிப்பவருமானார்.

நம் சிறுவர்கள் தோற்று வரும்போது, கோல் காத்த பையன் மீதே பழி விழுகிறது. பந்து அவனை அடையுமுன் பத்துப் பேரைக் கடந்து வந்தது என்பதைப் பெற்றோர் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம்.