பாசி எல்லாம் ஒன்றல்ல

பாசி என்னும் சொல்லை அறியாத குடியானவர் இலர். கிணற்றுப் படியில் காலை வழுக்குவதும் பாசி. மழைக்காலத்தில் மதிற்சுவரின்மேல் கம்பளம்போல் படர்வதும் பாசி. நாற்றங்காலில் நீர்மேல் மிதப்பதும் பாசி. பருப்புக்காக விதைப்பது பாசிப்பயறு. கழுத்தில் அணிவது பாசிமணி. ஏரியில் மீன்பிடிக்கும் உரிமையை ஏலம் விடுகையில் மீன்பாசிக் குத்தகை என்று எழுதுவதும் வழக்கம். பசுமையைக் குறித்துப் பிறந்த சொல், பசுமை கண்ட இடமெல்லாம் பரவிவிட்டது. பேச்சுக்கு இதனால் குறைவில்லை. சாகுபடிக்கோ இப்பெயர் மயக்கம் நஷ்டத்தை விளைவிக்கின்றது.

சுவரிலும் மரத்திலும் வளரும் பாசி, சிறு தண்டும் இலையும் உடைய தாவரமாகும். இதற்குப் பூவில்லை, விதையில்லை, உண்மையான வேருமில்லை. மெல்லிய இழைகளால் பற்றிக்கொண்டு, மழைநீரையும் பனியையும் இலைகளாலேயே ஏற்றுக்கொள்ளுகின்றது. ஆகவே மலைத்தோட்டங்களில் காப்பி, ஆரஞ்சு மரங்களின்மேல் படரும் பாசி மரத்தின் சாற்றை உறிஞ்சுகின்றது என்பது தவறான எண்ணம். நிழலும் ஈரமும் மிகுந்துள்ளன என்பதற்கு அது அடையாளமே. சுரண்டுவதைக் காட்டிலும், கிளைகளைக் கழித்துக் காற்றும் வெளிச்சமும் புகச் செய்தலே பரிகாரம். இவ்வினத்தைச் சேர்ந்த ஸ்பாக்னம் என்னும் பாசி, தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். கொய்யா, மாதுளை முதலியவற்றில் விண்பதியம் கட்டுவதற்கு அது உதவுகின்றது.

மசாலையில் சேர்க்கும் கல்பாசியோ இவ்வினமே அன்று. காளானும் நுண்பாசியும் கூடி வாழும் ஓர் உடலாகும்.

நெல்வயலில் காண்பவை வேறு. அவற்றுள்ளும் இருவகை உண்டு. கையிலெடுத்தால் நூல்நூலாக வழுக்கும் பச்சைப்பாசி, நாற்றின்மேல் படிந்து அதனைச் சாய்த்துவிடும். இளம்பயிருக்கு இது கெடுதல் என்னும் குடியானவர் முறையீடு நியாயமானதே. ஆனால் கருநீலப் பச்சையாகக் கூழ்போல் படர்ந்து, நீர் வற்றியபின் ஏடேடாக உரியும் நீலப்பச்சைப்பாசி பகையன்று. ஆகாயத்திலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றி வயலுக்கு அளிப்பதில் இதன் பங்கு பெரிது என்பதைப் பி. கே. டே என்பார் 1939-ல் வெளியிட்ட ஆராய்ச்சியால் விளக்கினார். இக்காலத்து நூலோர் இதனைப் பாக்டீரியா வகுப்பில் சேர்ப்பர். ஹெக்டேருக்கு 20 முதல் 30 கிலோ வரை தழைச்சத்து இதனால் கிடைக்கக்கூடும் என்பது பொதுவான மதிப்பு.

இங்ஙனமிருக்க, பாசி என்ற பெயர் கேட்டவுடன் மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து மடைவாயில் இடுவது விவேகமாகுமா? மயில்துத்தம் நல்லதையும் கெட்டதையும் பிரித்தறியாது, நீலப்பச்சைப்பாசியையும் அழிக்கும். அந்நீர் வடிந்து ஏரியை அடைந்தால் மீனுக்கும் கேடு. ஒருவர் வயலுக்குச் செய்த வைத்தியம், ஊர்ப் பொதுவுக்கு வரவேண்டிய குத்தகைப் பணத்தில் கைவைத்ததாக முடியும்.

முதலில் வேண்டுவது, குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்தல். நூற்பாசியாயின் அதனை வாரி வெளியேற்றி, மண் வெடிக்காத அளவில் ஓரிரு நாள் நீரை வடித்துவைத்தால் பெரும்பாலும் அடங்கும். சூப்பர் பாஸ்பேட்டை நின்ற நீரின்மேல் தூவாமல், கடைசி உழவில் சேற்றோடு கலத்தல் நலம். நீரில் கரைந்த மணிச்சத்து பாசிக்கே முதல் உணவாகும். யூரியாவை ஒரே தடவையில் மிகுதியாக இடுவதும் நீலப்பச்சைப்பாசியின் உழைப்பை நிறுத்திவிடும்.

ஏரிநீரைப் பங்கிடும் கிராம அலுவலர்களுக்கும் இதில் கடமை உண்டு. வடிகால் எவ்விடம் சேர்கின்றது என்று அறியாமல் எவரும் வாய்க்காலில் மருந்திடாதபடி அவர்கள் எச்சரித்தல் வேண்டும். பயிருக்கும் களைக்கும் பேதம் கண்டு களையெடுக்கும் கை, பாசிக்கும் பாசிக்கும் உள்ள பேதத்தைக் காண்பது அரிதன்று.